முப்பத்தெட்டுக் கம்புகள்

மூக்குக்கு நேர்கீழே ஒரு மீன் நிற்கிறது, செவ்வயிற்று மீன், செட்டையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு, எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் கறுத்த ஐஸ், நான் குப்புறக் கிடக்கிறேன், கம்பளிக் காற்சட்டையைத் தாண்டிக் குளிர் தொடையில் ஏறுகிறது, மூச்சுப் பட்ட இடம் மங்குகிறது, கையுறையால் துடைத்தால் மீன் மறுபடி தெரிகிறது, அது என்னைப் பார்க்கிறதா நான் அதைப் பார்க்கிறேனா, அதற்கு ஒரு அவசரமும் இல்லை, எனக்குத்தான் மணி எட்டேகால், பத்து மணிக்கு ஊர் முழுவதும் இந்த ஏரியில் இறங்கப்போகிறது, நான் நேற்று நட்டுவைத்த கம்புகளை நம்பி இறங்கப்போகிறது, அந்தக் கம்புகளோ பிழையான இடத்தில் நிற்கின்றன. பிழை என்னுடையது. எனக்குச் சிரிப்பு வருகிறது, பயத்தில் வருகிற சிரிப்புத்தான், ஆனாலும் அதற்குள் ஒரு குதூகலமும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன், முப்பது வருடம் கழித்து ஒஸ்லோவில் ஏழாம் மாடியில் கட்டிலில் கிடந்து நினைக்கும்போதும் நெஞ்சு அப்படியே அடித்துக்கொள்கிறது, ஐஸில் கிடக்கிறேனா கட்டிலில் கிடக்கிறேனா என்று ஒரு கணம் பிடிபடுவதில்லை.

அந்த ஊர் நோர்வேயின் தலைமாட்டில் இருந்தது, அதற்கு மேலே போனால் கடல், கடலுக்கு மேலே போனால் ஒன்றுமில்லை, ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு கோயில், ஒரு கடை, ஒருநாளும் ஓயாத காற்று, அந்தக் காற்றுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற பதினொரு தமிழர், அதில் இரண்டு பேர் நாங்கள், நானும் என்னவர் பொனிபாசும், யாழ்ப்பாணத்துப் பாசையூர் ஆட்கள், மீன் மணத்தில் பிறந்து மீன் மணத்திலேயே வந்து சேர்ந்தோம் என்று அவர் சொல்லிச் சிரிப்பார், தொழிற்சாலையில் எனக்கு மீன் வெட்டும் மேசை, அவருக்குக் குளிர் அறை. ஊருக்குப் பின்னால் மேட்டில் ஒரு ஏரி, ஒக்டோபரில் உறையத் தொடங்கும், நடக்கலாம் என்ற அளவுக்கு உறைந்ததும் ஒரு சனிக்கிழமை ஊரே புறப்பட்டுப் போய் ஐஸில் துளைபோட்டுத் தூண்டில் விடும், பெருநாள் மாதிரி, அதற்கு முதல் நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்புக்கொள்ளமாட்டார்கள். மீன் நிற்கிற ஆழம் அக்கரையோரம், அங்கே போகிற வழியை யாராவது வெள்ளிக்கிழமையே போய்க் குறித்துவைக்கவேண்டும், பேர்ச் மரக் கிளைகளை வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, இருபது எட்டுக்கு, அதாவது இருபது காலடிக்கு, ஒன்றாக நடவேண்டும், மொத்தம் முப்பத்தெட்டுக் கம்பு. கம்பு நின்றால் அதற்குக் கீழே ஐஸ் தாங்கும், அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் யோசிக்கமாட்டார்கள், நட்டவர் யார், எப்படி அளந்தார் என்று கேட்கவும் மாட்டார்கள், கேட்பது மரியாதை இல்லை.

யார் நடுவது என்பதற்குத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒரு தாள் ஒட்டுவார்கள், விரும்பியவர் பெயர் எழுதலாம், சம்பளம் கிடையாது, எங்கள் ஊர்ச் சிரமதானம் போல, ஆறு வருடமாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்திருக்கிறேன், தமிழர் ஒருவரும் எழுதியதில்லை, எழுதாதே என்று ஒருவரும் சொன்னதும் இல்லை, அது அவர்களுடைய ஏரி, அவர்களுடைய ஐஸ், நமக்கேன் வீண்வேலை என்று இருந்துவிட்டோம். அந்த வருடம் எனக்கு என்ன பிடித்ததோ, பேனையை எடுத்து எழுதிவிட்டேன். ஏனப்பா என்று பொனிபாஸ் கேட்டார், சும்மா என்றேன், சும்மா இல்லை, எங்கள் கரையில் பெண் வள்ளத்தில் ஏறினால் மீன் படாது என்பார்கள், மீன் கரைக்கு வந்த பிறகுதான் அது எங்களுடையது, வெட்டவும் கழுவவும் விற்கவும் விலைக்குச் சண்டைபிடிக்கவும், தண்ணீர் மட்டும் ஆண்களுடையது, இருபத்தெட்டு வயது வரைக்கும் நான் தண்ணீருக்கு மேலே நின்றதே இல்லை, இங்கே தண்ணீர் தானாகவே தரையாகி வா வா என்று கூப்பிடுகிறது, எனக்கு எல்லாருக்கும் முன்னால் போகவேண்டும் போலிருந்தது, ஒரு தரமாவது, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

என் பெயரைத் தாளில் பார்த்ததும் குன்வோர் கத்தியைக் கீழே வைத்தாள், மேசையில் எனக்கு எதிரே நின்று வெட்டுகிறவள், ஐம்பது வயது, கையும் வாயும் ஒரே வேகம், அவள் பேசுகிற வடக்கத்தி நோர்வே மொழி எனக்குள் விழும்போது எப்படியோ எங்கள் ஊர்த் தமிழாகிவிடும், இப்போதும் அப்படித்தான் கேட்கிறது, நல்லாக் கேள், ஒவ்வொரு கம்புக்கும் ஒரு துளை போடவேணும், ஒவ்வொரு துளைக்குள்ளையும் கையை விட்டு அடி விளிம்பைப் பிடிச்சு அளக்கவேணும், அரைச் சாண் இருந்தால் ஆள் நடக்கலாம், ஒரு சாண் இருந்தால் பனியில ஓடுற ஸ்கூட்டரும் போகும், அதுக்குக் குறைஞ்சால் திரும்பி வந்திடு, தனியப் போகாதை. ஆள் உயரத் திருகுத் துளைப்பானைத் தந்தாள், ஐஸைக் குத்திப்பார்க்க ஒரு அலவாங்கு தந்தாள், கூர்நுனி இரும்புக் கம்பி, கழுத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு ஆணிப்பிடி தந்தாள், விழுந்தால் அதை ஐஸில் குத்திக்குத்தி ஏறவேண்டுமாம், செய்தும் காட்டினாள், மேசையில் ஏறிக் குப்புறப் படுத்து, மீன் வெட்டுகிறவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எல்லாம் சொன்னாள், எந்த ஐஸ் நல்லது என்று மட்டும் சொல்லவில்லை, அவளைக் குற்றம் சொல்லமுடியாது, மூன்று வயதுப் பிள்ளைக்கும் அங்கே அது தெரியும், அரிசியைக் கழுவித்தான் போடவேண்டும் என்று நாங்கள் யாருக்காவது சொல்லிக்கொடுப்போமா.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நானும் பொனிபாசும் ஏரியில் நின்றோம், நிற்கிறோம், வானம் ஈயப்பாத்திரத்தின் உட்புறம் போல, காற்று கூட்டிப் பெருக்கிவைத்த ஏரியின் நடுவெல்லாம் கறுப்பு, ஒரு பொட்டுப் பனி இல்லை, நான் கால் வைத்தேன், வழுக்கியது, நின்றேன், அடியில் பாசி ஆடுவது தெரிந்தது, கல் தெரிந்தது, பிறகு கல்லும் தெரியாமல் இருட்டுத் தெரிந்தது, உச்சந்தலை வரை ஒரு கூச்சம் ஏறி இறங்கியது. பொனிபாஸ் ஒரு காலை வைத்தார், எடுத்தார். வாங்கோ என்றேன். என்னப்பா, அடி தெரியுது. தெரிஞ்சால் என்ன, வாங்கோ. நீ போ, நான் பிறகு வாறன். பாக்குநீரிணையைப் பதினெட்டடி வள்ளத்தில் நாலு தரம் தாண்டின மனிதர், கரையில் நின்று பூட்ஸைத் தேய்க்கிறார், என்ன மன்னாதி மன்னன் காலில ஆணியோ என்று கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கடலெண்டால் தண்ணி எண்டு தெரியும், விழுந்தால் நீந்த ஆயத்தமாய் நிப்பன், இது தண்ணியோ தரையோ எண்டு சொல்லுதில்லையே. அந்த நேரம் பார்த்து ஏரி கத்தியது, இந்தக் கரையில் தொடங்கி அந்தக் கரை வரைக்கும் ஒரு நீண்ட சத்தம், தந்திக்கம்பியில் கல் எறிந்தால் வருமே அப்படி, காலுக்குள்ளால் ஓடிப்போனது, வெடிக்குது வெடிக்குது என்று அவர் கத்த, நான் எப்படிக் கரைக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது, இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம், கலியாணப் படத்தில் கூட அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை.

வலப்பக்கம் நிலம் மூக்கு மாதிரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் மறைவில் ஒரு குடா, காற்று அங்கே கொண்டுபோய்க் கொட்டிய பனி முழங்கால் அளவு கிடந்தது, வெள்ளைவெளேரென்று, பெருக்கி மெழுகிய முற்றம் போல, பொனிபாசின் முகம் மலர்ந்துவிட்டது, உதால போவம், உது நல்ல கெட்டி. அலவாங்கால் ஒரு தட்டுத் தட்டினார், தொம் என்றது, பாட்டு இல்லை, கூச்சல் இல்லை, பாத்தியோ, சத்தம் போடுறதெல்லாம் பலவீனம், இது பேசாமக் கிடக்குது, அதுதான் பலம் என்றார், எனக்கும் அது சரியாகவே பட்டது, வாயாடிகளை நம்பாதே என்று வளர்ந்தவள்தானே நானும். கரையோரம் மூன்று துளை போட்டோம், கையை விட்டேன், அடி விளிம்பில் விரல் கொழுவியது, சாண் சரியாக இருந்தது, நான்காவது துளை போடும்போது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, வெளிச்சமும் இரண்டு மணிக்குப் போய்விடும், இதுவரைக்கும் சரியென்றால் மிச்சமும் சரிதானே என்று அவர் சொன்னார், இல்லை, நான்தான் சொன்னேன், முப்பது வருடமாக அவர் சொன்னதாகவே கதை சொல்லிவந்திருக்கிறேன், இப்போது யாருக்குப் பயந்து பொய் சொல்லவேண்டும், நான்தான் சொன்னேன். அதோடு கறுத்த ஐஸில் கம்பு நடுவதென்றால் குழி துளைத்து, தண்ணீர் ஊற்றி, அது உறையும்வரை பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், பனியில் என்றால் குத்தினால் நிற்கும், சரக் சரக்கென்று குடாவைச் சுற்றி முப்பத்தெட்டையும் நட்டு முடித்தோம், திரும்பிப் பார்த்தால் சிவப்புத் துணிகள் வரிசையாக ஆடின, என்ன அழகு, என் கையால் ஒரு தெருப் போட்டிருக்கிறேன், வீட்டுக்கு வந்து பாசையூருக்கே தொலைபேசி எடுத்துச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரை, இடியப்பம் அவித்து, முட்டை போட்டுச் சொதி வைத்து, ஏரியில் குன்வோருக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று பெரிய சட்டியில் ஊற்றி மூடினேன், பத்துப் பதினொரு மணிக்குச் சாப்பிடும்போது சூடாக இருக்கவேண்டுமே, சட்டியைத் துவாயால் சுற்றினேன், அதற்கு மேல் பழைய போர்வையால் சுற்றினேன், பொனிபாஸ் கேட்டார், பச்சைத் தண்ணியா மாறாதோ வெளியில, மைனஸ் பன்னிரண்டு. போர்த்திவைச்சால் ஏனப்பா ஆறப்போகுது என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டேன், போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. போர்த்திவைத்தால் ஆறாது. குடாவில் கிடக்கிற தண்ணீருக்கு முழங்கால் அளவு போர்வை. நடு ஏரிக்கு ஒரு துணிகூட இல்லை, இரவு பகலாக அம்மணமாகக் குளிரில் கிடந்து இறுகியது அதுதான். கண்ணுக்கு முன்னால் எங்கள் மீன்வாடி வந்து நிற்கிறது, லொறியில் வந்த ஐஸ்கட்டிகளை மரத்தூளுக்குள் புதைக்கிறோம், மரத்தூள் போர்த்தினால் வெயில் உள்ளே போகாது, இங்கே பனி போர்த்தினால் குளிர் உள்ளே போகாது, அதே கணக்கு, கலியாணத்துக்கு முன் ஐந்து வருடம் அந்த வாடியில் ஐஸ் உடைத்தவள் நான், கட்டியின் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதை உடைக்க மூன்று குத்து வேண்டும், நடுவில் வெள்ளை, அது ஒரே குத்தில் பொருபொருவென்று போய்விடும், வெள்ளையில குத்தடி என்று ஆட்கள் சொல்லத்தேவையில்லை, கை தானாகவே போகும். இவ்வளவும் தெரிந்தவள், தெரிந்துகொண்டே வெள்ளையில் தெருப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், அடி தெரிந்தது என்ற ஒரே பயத்தில். எழும்புங்கோ, எழும்புங்கோ, கம்பு பிழை. என்ன பிழை. எல்லாம் பிழை, வழியில சொல்லுறன், காரை எடுங்கோ.

குன்வோர் வீட்டில் தொலைபேசியை எடுப்பாரில்லை, அவள் எப்போதோ ஊர்ப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டப் போய்விட்டிருப்பாள், ஊருக்குள் யார் யாரைப் பிடிப்பது, ஏரியிலேயே மறிப்போம் என்று, சட்டியையும் துளைப்பானையும் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். முதலில் குடா, கம்புகளுக்குப் பக்கத்தில் போகப் பயந்து கரையிலிருந்து குப்புறப் படுத்து ஊர்ந்து போனேன், பொனிபாஸ் என் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் ஊர்ந்தார், கையால் பனியை விலக்கினேன், கீழே ஈரப் பனி, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஐஸ், அலவாங்கை இருந்த இடத்திலேயே நீட்டி ஒரே ஒரு குத்து, போய்விட்டது, பிடி வரைக்கும் போய்விட்டது, தண்ணீர் மெதுவாக ஏறிப் பனியைக் கறுப்பாக்கிக்கொண்டு என் முகத்தை நோக்கி வந்தது, மூன்று விரல், மூன்று விரலுக்கு மேல் இல்லை, இதற்கு மேலேதான் நேற்று இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தோம், ஒருவருக்கொருவர் பத்து எட்டுத் தள்ளி நடந்ததால் பிழைத்தோம். பொனிபாஸ் மாதாவே என்றார், காலை விடவில்லை. கரையோரம் எட்டிய பன்னிரண்டு கம்புகளைப் பிடுங்கினோம், நடுவில் நின்றவற்றைத் தொடமுடியாது, அவை சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு நின்றன, வா வா என்று. பிறகு கறுத்த ஐஸ், பிறகுதான் அந்த மீன், முதல் துளைக்கு முன்னால் நான் குப்புறப் படுத்து, பயத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன் என்று முகத்தை ஒட்டிவைத்து அடியைப் பார்த்தேனே அப்போது வந்து நின்ற மீன். துளை போட்டேன், கையை விட்டேன், முழங்கை வரை குளிர் கடித்தது, விளிம்பில் விரல் கொழுவவில்லை, இன்னும் கீழே, இன்னும் கீழே, கொழுவியது, ஒரு சாணுக்கு மேலே இரண்டு விரல், நான் கத்திய கத்தில் பொனிபாஸ் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார், ஓடிவந்து நின்ற இடத்தைப் பார்த்தால் கறுப்புக்கு நடுவில் நிற்கிறார், ஐயோ என்றார், பிறகு, தாங்குது என்றார்.

பிறகு எங்களைப் பிடிக்க ஏலாது, அவர் திருகுகிறார், நான் கைவிட்டு அளக்கிறேன், கம்பை நிறுத்தித் துளைத்த ஈரத் தூளை அடைத்தால் அந்தக் குளிரில் உடனே இறுகுகிறது, இருபது எட்டு, திருகு, கை, சாண், இருபது எட்டு, திருகு, கை, சாணும் ஒரு விரலும், ஏரி கத்துகிறது, கத்தட்டும், இறுகிக்கொண்டு போகிற ஐஸ்தான் அப்படிக் கத்தும், இவ்வளவு குளிரில் கிடந்தால் நானும் கத்துவேன், பொனிபாஸ் ஒவ்வொரு கத்தலுக்கும் ஓம் ஓம் கேட்குது என்று பதில் சொல்கிறார், கம்பு முடிந்ததும் கரைக்கு ஓடிப் பேர்ச் வெட்டிவந்தார், சிவப்புத் துணி முடிந்ததும் நான் சாப்பாட்டுக்கு விரிக்கக் கொண்டுவந்த நத்தார்ப் பண்டிகைச் சிவப்பு மேசைவிரிப்பைக் கிழித்தேன், கிழிக்கக் கிழிக்க ஆனந்தமாக இருந்தது, நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது, பயமும் சந்தோசமும் எது எதென்று தெரியாமல், அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் இருந்த மாதிரி நான் பிறகு எப்போதும் உயிரோடு இருந்ததில்லை. கடைசிக் கம்பை நடும்போது மணி ஒன்பதே முக்கால், அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

ஹில்மர், தபால் கொண்டுவருகிற ஹில்மர், நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார், பின்னால் இழுவைச் சறுக்கில் கலைமான் தோல் விரித்து அதில் ஏழு பிள்ளைகளும் ஒரு பெரிய கோப்பிக் கேத்தலும், கரையிலிருந்து இறங்குகிறார், இறங்கி ஒரு கணம் நின்றார், இரண்டு வரிசை சிவப்பு, ஒன்று கறுப்பில், ஒன்று வெள்ளையில், ஸ்கூட்டருக்குப் பனி வேண்டும், வழுக்கும் ஐஸில் அது திரும்பாது, சூடேறிவிடும், கம்பு நிற்கிறது, பிறகென்ன, குடாப் பக்கம் திருப்பிவிட்டார். நான் ஓடினேன், விழுந்தேன், விழுந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போனேன், எழும்பி ஓடினேன், ஆறு வருடம் படித்த நோர்வே மொழி ஒரு சொல் வாயில் இல்லை, நில்லுங்கோ, நில்லுங்கோ, உதால போகாதையுங்கோ, என் குரலைத்தான் கேட்டேன், ஸ்கூட்டரின் முன்விளக்கு என் வயிற்றில் விழுந்தது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முதல் கம்பு நின்ற இடத்துக்கு முன்னால் நின்றேன், அவர் நிறுத்தினார், என் முழங்காலுக்கும் ஸ்கூட்டரின் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம். பிள்ளைகள் எழும்பிப் பார்த்தார்கள். பின்னால் நடந்தும் சறுக்கியும் வந்துகொண்டிருந்த ஊர் முழுவதும் கரையில் கூடிவிட்டது, குன்வோர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள், என்ன நடந்தது. நேற்றுப் பிழை நான், என்று தொடங்கினேன், அவர்களுடைய மொழியில், அதற்கு மேல் வரவில்லை, அலவாங்கை எடுத்துக்கொண்டு வெள்ளையில் படுத்து ஊர்ந்தேன், கை நீட்டிக் குத்தினேன், போனது, தண்ணீர் வந்தது, வந்து, ஒவ்வொருவரும் பார்க்கும்படி, பனியில் ஒரு கறுத்த வட்டமாகப் பரவியது, இன்னும் ஒரு குத்து, இன்னும் ஒரு வட்டம். ஹில்மர் யா என்றார், ஓம் என்பதை அந்த ஊரார் சொல்கிற மாதிரி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, திரும்பிச் சறுக்கில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எண்ணுகிறார் போலிருந்தது, பிறகு இறங்கி, அவரும் பொனிபாசும் வேறு இரண்டு பேருமாக ஸ்கூட்டரைக் கையால் பின்னுக்கு இழுத்தார்கள்.

நான் எழும்பி நின்றேன், வெட்கம், அப்படி ஒரு வெட்கம், மூஞ்சையெல்லாம் பனி, இனி என் பெயரைத் தாளில் ஒருவரும் விடமாட்டார்கள், தமிழர் பெயரையே விடமாட்டார்கள், பதினொரு பேருடைய பெயரையும் நான் ஒருத்தி கெடுத்துவிட்டேன் என்று நின்றேன். குன்வோர் கேட்டாள், அந்தப் பக்கம் எத்தினை துளை. இருபத்தாறு, குடாவைச் சுற்றாமல் நேரே போனதால் அவ்வளவுதான். எல்லாத்துக்குள்ளையும் கைவிட்டியோ. நான் வலது கையை நீட்டினேன், சட்டைக் கை முழங்கைக்கு மேலே வரை நனைந்து உறைந்து பலகையாகக் கிடந்தது, மடக்கமுடியாது, குன்வோர் விரல் முட்டியால் அதில் தட்டினாள், கதவில் தட்டுகிற மாதிரி, டொக் டொக் என்றது, ஒரு பிள்ளை சிரித்தது, அப்ப சரி என்றாள், அப்ப நீ முன்னுக்கு நட. நானோ. குறிச்ச ஆள்தான் முதல் நடக்கவேணும், ஊர் அதுக்குப் பிறகுதான் வரும், உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ. இல்லை, அதையும் ஒருவரும் சொல்லவில்லை. நேற்றுப் பிழைச்ச ஆளுக்குப் பின்னால வருவியளோ என்று கேட்டேன், அதை எப்படியோ அவர்கள் மொழியில் சரியாகக் கேட்டுவிட்டேன், குன்வோர் தன் தூண்டில் பையைத் தோளில் மாட்டி, வாரை இறுக்கினாள்.

நடந்தேன். காலுக்குக் கீழே கறுப்பு, அடி தெரிகிறது, பிறகு அடி தெரியவில்லை, முதலாம் கம்பு, இரண்டாம் கம்பு, பின்னால் ஒரு சத்தமும் இல்லை, மூன்றாம் கம்பில் திரும்பிப் பார்த்தேன், நாற்பத்துமூன்று பேர் கரையில் வரிசையாக நிற்கிறார்கள், முன்னுக்குப் பொனிபாஸ், போர்வையில் சுற்றிய சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஹில்மர், குன்வோர், பிள்ளைகள், ஏன் வரவில்லை, வரமாட்டார்களா, பிறகுதான் விளங்கியது, நான் கூப்பிடவேண்டும், அதற்காகத்தான் நிற்கிறார்கள், எந்தச் சொல், அதற்கென்று அவர்களிடம் ஒரு சொல் இருக்கும், எனக்கு அது தெரியாது. ஏரி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாடிக்கொண்டு போனது, நான் அசையவில்லை, உறைந்த கையை உயர்த்தினேன். வாங்கோ என்றேன், தமிழில். வருகிறார்கள்.